பெய்ஜிங் பூங்காவில் காலையில் ஆடுவதும் பாடுவதும் எழுதுவதும் யாருக்காக? நாமும் சேர்ந்துகொள்ளலாமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். ஏப்ரலில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு ஐந்து நாள் பெய்ஜிங் போகிறீர்கள். அங்கே பூங்காவில் வயதானவர்கள் தாய்ச்சி என்ற மெல்ல அசையும் உடற்பயிற்சியைச் செய்வதையும், தண்ணீர் தொட்டுத் தரையில் எழுதுவதையும், கூட்டமாகப் பாடி ஆடுவதையும் வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் நிகழ்ச்சியா, எந்தப் பூங்காவுக்கு எத்தனை மணிக்குப் போவது, நாமும் கூட நின்று செய்தால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்கிறீர்கள். அப்பா நன்றாக செஸ் ஆடுவார், அம்மாவுக்கு முழங்கால் வலி என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இருக்கிற கேள்வி, அவர்களுடைய அன்றாடத்துக்குள் வெளியூர்க்காரர்களுக்கு இடம் உண்டா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. உண்டு. ஆனால் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு நகர்கிறவர்களுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. ஒரே மரத்தடியில் ஒரு காலைப் பொழுதைச் செலவிடுகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பு வேலையாக 2011 முதல் 2019 வரை பெய்ஜிங்கில் இருந்தேன். தியான்தான் பூங்காவின் கிழக்கு வாசலிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு. ஆறு வருடம், வாரத்தில் நாலு நாளாவது அங்கே ஒரு தாய்ச்சிக் குழுவோடு பயிற்சி செய்தேன். கடைசி மூன்று வருடம் தரையில் எழுதவும் பழகினேன். ஆகவே இந்த இரண்டைப் பற்றியும் செய்து பார்த்தவளாகச் சொல்கிறேன். பாட்டும் சதுரங்கமும் பக்கத்தில் நின்று கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. தெற்கே குவாங்சோ பக்கமெல்லாம் வழக்கம் வேறு, அதற்குள் நான் போகவில்லை.

ஐந்து நாளில் ஒரே ஒரு காலையைத்தான் ஒதுக்க முடியும் என்றால் தியான்தானுக்கே போங்கள். பயணப் புத்தகங்களில் சொர்க்கக் கோயில் என்று வருவது இந்த இடம்தான். மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லெ காலத்தில் 1420இல் கட்டி முடித்தது. நல்ல விளைச்சல் வேண்டிப் பேரரசர் வானத்தை வழிபடும் இடம் என்பதால் பொதுமக்கள் உள்ளே கால் வைக்க முடியாது. முடியாட்சி போன பிறகும், 1914 டிசம்பரில் குடியரசுத் தலைவராக இருந்த யுவான் ஷிகாய் அங்கே ஒருமுறை அந்தச் சடங்கைச் செய்து பார்த்தார். 1918இல் பொதுப் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். சுமார் 273 ஹெக்டேர், நம் கணக்கில் 670 ஏக்கருக்கும் மேல். கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கே நடந்தால் 72 அங்கணம் (தூணுக்குத் தூண் உள்ள இடைவெளி) கொண்ட நீளமான நடைமண்டபம் வரும். பலி கொடுத்த விலங்குகளையும் படையலையும் மழை, பனி படாமல் வழிபாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோகக் கட்டிய வழி அது. இப்போது அதன் இரு ஓரமும் உட்கார்ந்து சீட்டு ஆடுகிறார்கள், ஸ்வெட்டர் பின்னுகிறார்கள், பாடுகிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னத்துக்குள் இப்படி வெந்நீர் ஃபிளாஸ்கோடு கால் நீட்டி உட்கார விடுகிறார்களே என்று எனக்கு முதல் நாள் வந்த சந்தோஷம் கடைசி நாள்வரை குறையவில்லை.

நிகழ்ச்சியா என்றால், இல்லை. யாரும் அவர்களுக்குப் பணம் கொடுப்பதில்லை, அவர்களும் யாரிடமும் வாங்குவதில்லை. இத்தனை பேர் காலை ஏழு மணிக்கு எப்படி வருகிறார்கள் என்பதற்கு நேரான காரணங்கள் உண்டு. சீனாவில் ஓய்வு பெறும் வயது வெகுகாலமாக ஆண்களுக்கு 60, அலுவலகப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 55, தொழிலாளிப் பெண்களுக்கு 50. 2025 ஜனவரியிலிருந்துதான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறார்கள். ஐம்பது வயதில் உடம்பில் தெம்போடு வீட்டுக்கு வந்த பெண்கள்தான் பூங்காக் கூட்டத்தில் பாதிக்கு மேல். பழைய நகரத்து வீடுகள் சின்னவை, ஒரு கையை முழுதாக நீட்டக்கூட இடம் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று, கூட்டமாக உடற்பயிற்சி செய்வது அந்தத் தலைமுறைக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போனது. 1951இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சிக்கு ஆலையிலும் பள்ளியிலும் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் அவர்கள்.

பாரம்பரியக் கலைகள் என்று எழுதியிருந்தீர்கள், அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சீன எழுத்துக்கலை மிகப் பழையது, சந்தேகமில்லை. ஆனால் பூங்காத் தரையில் தண்ணீரால் எழுதுவது 1990களில்தான் பெய்ஜிங் பூங்காக்களில் பரவியது. தாய்ச்சி பழையது, ஆனால் பூங்காவில் எல்லோரும் செய்யும் 24 அசைவுத் தொகுப்பு 1956இல் அரசின் விளையாட்டுத் துறை சுருக்கி அமைத்தது. மெல்லிய ரப்பர் வலை போட்ட மட்டையில் பந்தைக் கீழே விழாமல் சுழற்றுவார்கள், பார்க்க ஏதோ ஆயிரம் வருடத்துக் கலை மாதிரி இருக்கும். அது 1991இல் ஷான்ஸி மாகாணத்தில் உருவானது. இதனால் எதுவும் மதிப்புக் குறைந்துவிடாது. பழசை எடுத்துக் கைக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். தாய்ச்சியின் பிறப்பைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாகக் கேளுங்கள். வூதாங் மலைத் துறவி சாங் சான்ஃபெங், நாரையும் பாம்பும் சண்டை போட்டதைப் பார்த்து உருவாக்கினார் என்று பூங்காவில் யாராவது சொல்வார்கள். அழகான கதை, ஆனால் கதைதான். வரலாற்று அறிஞர்கள் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பக் கிராமத்திலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே கற்ற யாங் லூச்சான் 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்குக்குக் கொண்டுவந்து கற்பித்தார் என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

சரி, அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஆகவே போகும் முன் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வயதானவர்கள் தடுமாறி விழுவதைத் தாய்ச்சி குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்கு அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரியின் 2019 வழிகாட்டுதலே இதை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. ரத்த அழுத்தம் பறந்துவிடும், சர்க்கரை குணமாகிவிடும், மாத்திரையே வேண்டாம் என்று பக்கத்தில் நிற்கும் பெரியவர் அன்போடு சொல்வார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: முழங்கால் பாதவிரல் நுனியைத் தாண்டி முன்னே போகக் கூடாது, உள்பக்கமாக மடங்கவும் கூடாது. வீடியோவில் பார்ப்பதுபோல் தாழ்ந்து நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எங்கள் குழுவில் எண்பது வயதுக்காரர்கள் கிட்டத்தட்ட நிமிர்ந்தே நின்று முழுத் தொகுப்பையும் செய்வார்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. எனக்குத் தாய்ச்சி சொல்லிக்கொடுத்த பெண்மணி, பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், நான் இடது காலில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வலது இடுப்பில் ஒரு விரலை வைத்து மெதுவாகத் தள்ளுவார். நான் அசைந்தால் எடை இன்னும் முழுதாக மாறவில்லை என்று அர்த்தம். வார்த்தையே இல்லாமல் ஒரு மாதம் இதை மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

சேர்ந்துகொள்வது எப்படி என்றால், குழு ஒரு சுற்று முடித்து ஓய்வெடுக்கும்போது முன்னால் நிற்கிறவரைப் பார்த்துத் தலையசைத்து 'கே யீ மா?' என்று கேளுங்கள். செய்யலாமா, எடுக்கலாமா, உட்காரலாமா எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேள்வி போதும். பெரும்பாலும் கையைப் பிடித்து இழுத்தே நிறுத்துவார்கள். அப்போது கூச்சப்பட்டுக் கடைசி வரிசைக்குப் போகாதீர்கள். பாதியில் எல்லோரும் திரும்புவார்கள், கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும், பார்த்துச் செய்ய முன்னால் ஆள் இருக்காது. நடுவில் நில்லுங்கள். 24 அசைவும் முடிய ஐந்தாறு நிமிடம்தான். முதல் நாளில் அம்மாவுக்கு 'மேகக் கைகள்' என்ற ஒரு அசைவு மட்டும் வந்தால் போதும். பக்கவாட்டில் அடி எடுத்து வைத்துக்கொண்டே கைகளை முகத்துக்கு முன்னால் மாறி மாறிச் சுழற்றுவது, முழங்காலுக்குப் பாரம் அதிகம் இல்லை.

தரையெழுத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தூரிகை இடுப்பு உயரம் இருக்கும். பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். ஒரு கம்பு, அதன் நுனியில் பழைய மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்சைக் கத்தரிக்கோலால் வாழைப்பூ மொட்டுப் போலச் சீவி இறுகக் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு சின்ன வாளித் தண்ணீர். தரையில் பதித்த சதுரக் கற்கள்தான் கட்டம் போட்ட நோட்டு, கல்லுக்கு ஓர் எழுத்து. மையும் காகிதமும் செலவு, இதில் செலவே இல்லை, தப்பானாலும் காய்ந்துவிடும். தொடங்குகிறவர்களுக்கு 'யோங்' என்ற எழுத்தைக் கொடுப்பார்கள். என்றென்றும் என்று பொருள். சீன எழுத்துக்கு வேண்டிய எட்டு அடிப்படைக் கோடுகளும் அந்த ஒரே எழுத்தில் இருக்கின்றன என்பது பழைய பாடம். எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த பெரியவர், நான் மணிக்கட்டை அசைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். நீளத் தூரிகையை மணிக்கட்டால் பிடித்தால் கோடு நடுங்கும், தோளும் இடுப்பும் சேர்ந்து நகர வேண்டும். தாய்ச்சியில் எடை மாற்றப் பழகியது இங்கே உதவியது.

ஒருநாள் என் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னார். அதில் ஒரு 'ழ' உண்டு. நான் எழுதி முடித்ததும், பார்த்த மாத்திரத்தில் அதை அவரால் வரைந்திருக்க முடியும். வரையவில்லை. எங்கே தொடங்குவது, தூரிகை எங்கே எழும்புகிறது என்று கேட்டார். சீன எழுத்தில் எந்தக் கோடு முதலில் என்பது விதி, வடிவம் வந்தால் மட்டும் போதாது. தூக்காமலே போய் கீழே சுழித்து முடியும் என்று நான் காற்றில் விரலால் காட்டினேன். மூன்று முறை எழுதினார். மூன்றாவதில் கீழ்ச்சுழி உண்மையாகவே சுழன்றது, அதற்குள் முதல் கல்லில் எழுதியது காய்ந்திருந்தது. உங்களிடமும் தூரிகையைக் கட்டாயம் நீட்டுவார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிடாதீர்கள், வாங்கித் தமிழில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதைவிட நல்ல அறிமுகம் இல்லை.

நடைமண்டபத்துப் பக்கம் ஒரு கூரிய இசை கேட்டால் அங்கே பெய்ஜிங் ஆப்பரா என்ற இசைநாடகத்துப் பாட்டுகளைப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கருவி ஜிங்ஹு. மூங்கிலால் செய்த இரண்டு தந்திச் சிறு கருவி, இடது தொடையில் நிறுத்தி வைத்து வாசிப்பது. வில்லின் மயிர் இரண்டு தந்திகளுக்கு நடுவில் போகும், வெளியே தனியாக எடுக்க முடியாது. அதைவிடப் பெரிதாக, குரல் தழுதழுத்ததுபோல் கேட்பது எர்ஹு. 1790இல் பேரரசர் சியென்லோங்கின் எண்பதாம் பிறந்தநாளை ஒட்டி அன்ஹுவி மாகாணத்து நாடகக் குழுக்கள் தலைநகருக்கு வந்ததிலிருந்து இந்தக் கலையின் கதையைத் தொடங்குவது வழக்கம். பூங்காவில் பாடுகிறவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்ல, ரசிகப் பாடகர்கள். பியாவ்யோ என்று அவர்களுக்குத் தனிப் பெயரே உண்டு. ஒரு காலை, காய்கறிப் பையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்க, வழியில் போன ஓர் அம்மா பையைத் தூணோரம் வைத்துவிட்டு நின்றார். வயதான அமைச்சர் பாத்திரத்தின் ஆண் குரலில் பாட ஆரம்பித்தார். ஒரு வரியில் மூச்சு வாங்கித் தாமதித்தபோது ஜிங்ஹுக்காரர் அந்த இடைவெளியை இரண்டு சுரத்தால் நிரப்பி அவருக்காகக் காத்திருந்தார். வரி முடிந்ததும் சுற்றி நின்றவர்கள் 'ஹாவ்!' என்றார்கள். நம் சபாஷ் மாதிரி. நீங்களும் சொல்லலாம், ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது சொல்லுங்கள். அந்த இடம் எது என்று காதுக்குப் பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அப்பாவுக்குச் சீனச் சதுரங்கம். ஷியாங்ச்சி என்பார்கள். செஸ் தெரிந்தவருக்கு அரை மணி நேரத்தில் விதி பிடிபடும், போகும் முன் கைபேசியில் நாலு ஆட்டம் ஆடிப் பழகிவிடச் சொல்லுங்கள். காய்கள் கட்டத்துக்குள் நிற்பதில்லை, கோடுகள் வெட்டும் புள்ளியில் நிற்கும். நீளத்தில் பத்து, அகலத்தில் ஒன்பது கோடு. நடுவில் நதி மாதிரி ஒரு வெற்று இடைவெளி, அதை ஆறு என்பார்கள். யானை மூலைவாட்டில் இரண்டு புள்ளி போகும், ஆற்றைத் தாண்ட முடியாது. குதிரை நம் குதிரை மாதிரிதான், ஆனால் பக்கத்துப் புள்ளியில் ஒரு காய் நின்றால் அதன் கால் கட்டப்பட்டுவிடும், அந்தப் பக்கம் தாவ முடியாது. பீரங்கி என்று ஒன்று உண்டு, அது நடுவில் ஏதாவது ஒரு காயைத் தாண்டித்தான் வெட்டும். செஸ் ஆடிப் பழகியவர்கள் முதல் பத்து ஆட்டத்திலும் தோற்பது இந்தப் பீரங்கியால்தான். இரண்டு தளபதிகளும், அதாவது நம் ராஜாக்கள், குறுக்கே காய் இல்லாமல் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. நம் சதுரங்கம்தான் சீனாவுக்குப் போய் இப்படி ஆனதா என்று அப்பா கேட்பார். பல வரலாற்றாசிரியர்கள் அப்படித்தான் கருதுகிறார்கள், சீன ஆய்வாளர்கள் சிலர் தனியாகவே தோன்றியது என்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை, பூங்கா பெஞ்சில் அதை ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. பலகை நடுவில், பக்கத்தில் நின்று பார்ப்பவன் வாய் திறக்காவிட்டால்தான் பெரிய மனிதன் என்ற பொருளில் சில பலகைகளில் அச்சடித்திருக்கும். சுற்றி நிற்கும் ஏழெட்டுப் பேரும் கத்திக்கொண்டேதான் இருப்பார்கள்.

மற்றவற்றை ஓடியே சொல்லிவிடுகிறேன். இறகு செருகிய சின்னக் குண்டைக் காலால் தட்டித் தட்டி வட்டமாக ஆடுவது ஜியான்ஸி. இதில் சேர அனுமதிகூடக் கேட்க வேண்டாம், உங்கள் பக்கம் வந்தால் தட்டுங்கள். கயிற்றில் உருளையைச் சுழற்றி ஹூம் என்று ஓசை எழுப்புவது கொங்ஜு. நிறையப் பழக்கம் வேண்டும், பக்கத்தில் போகும்போது தலையைக் கவனித்துக்கொள்ளுங்கள். கூண்டுப் பறவைகளைக் கொண்டுவருகிறவர்கள் கூண்டின் மேல் நீலத் துணி போட்டிருந்தால் அதை விலக்கிப் பார்க்கக் கூடாது, பறவை மிரளும். ஒலிபெருக்கி வைத்துச் சதுக்க நடனம் ஆடும் குழுக்கள் எளிதில் சேர்த்துக்கொள்ளும். சத்தம் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை என்ற சண்டை வருடக்கணக்காக நடந்து, 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஒலி மாசுச் சட்டத்தில் பொது இடக் கேளிக்கைக்கும் விதி சேர்த்தார்கள். அப்புறம், நீங்கள் இந்தியர் என்று தெரிந்ததும் அறுபது வயதுக்கு மேற்பட்ட யாராவது 'அபாலாகூ' என்று பாட ஆரம்பித்தால் திகைக்க வேண்டாம். அது 'ஆவாரா ஹூம்'. ராஜ் கபூரின் படம் சீன மொழிக்குரலோடு 1950களிலும் மறுபடி 1970களின் கடைசியிலும் அங்கே ஓடி, அந்தத் தலைமுறைக்கே மனப்பாடமாகிவிட்டது. கூடச் சேர்ந்து நாலு வரி பாடுங்கள், நட்பு அங்கேயே முடிவாகிவிடும்.

நடைமுறைக்கு வருவோம். சுரங்க ரயில் 5ஆம் வழித்தடத்தில் தியான்தான் தோங்மென் நிலையத்தில் இறங்கினால் கிழக்கு வாசல். ஏப்ரலில் காலை 6 மணிக்குத் திறந்துவிடும். ஏழு முதல் ஒன்பதரை வரை தாய்ச்சியும் தரையெழுத்தும், ஒன்பதுக்கு மேல் பாட்டும் சீட்டும். பதினொன்றுக்குள் சமைக்கப் போய்விடுவார்கள். நான் இருந்தபோது பூங்காவுக்குள் நுழைய மட்டும் 15 யுவான், உள் மண்டபங்களும் சேர்ந்து 34 யுவான். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், நுழைவுச் சீட்டுக்கு அது வேண்டும். திங்கட்கிழமைகளில் உள் மண்டபங்களை மூடிவிடுவார்கள், வெளிப் பூங்கா திறந்தே இருக்கும். மழை பெய்தால் தரையெழுத்து கிடையாது, மண்டபத்தில் கூட்டம் இரட்டிப்பாகும். படம் எடுப்பதைப் பொறுத்தவரை, கூட்டத்தைத் தூரத்திலிருந்து எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு முகத்தை நெருங்கி எடுக்க வேண்டுமென்றால் கேளுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள், முடியட்டும். பணம் நீட்டவே கூடாது, அது அவர்களை வருத்தும். எழுத்துப் பெரியவர் எழுதி முடித்தால் வாளித் தண்ணீரை நிரப்பிக் கொடுங்கள், அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

இரண்டாவது காலைக்கும் நேரம் கிடைத்தால், வேறு பூங்கா பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பெய்ஹாய், ஜிங்ஷான் இரண்டும் அழகானவைதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதே வாசலில் நுழைந்து, நேற்று நின்ற அதே மரத்தடிக்கே போவேன். முதல் நாள் நான் அங்கே ஒரு மணி நேரம் நின்றபோது எல்லோரும் சிரித்தார்கள், யாரும் பேசவில்லை. இரண்டாம் நாள் போனபோது ஒரு பாட்டி, பெஞ்சில் தன் பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.